மூர் மார்க்கெட்டும் பழைய நூல்களும்

சென்னை மத்திய இரயில் நிலையத்தை அடுத்து நின்ற மூர் மார்க்கெட், நூல்களுக்காக எழுப்பப்பட்டதன்று. பாப்பம் பிராட்வேயில் இருந்த பழைய சந்தை தூய்மைக் குறைவுடையதாயிருந்தமையால், அதற்கு மாற்றாக ஓர் உணவுப்பொருள் அங்காடி வேண்டப்பட்டது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார். 1900-இல் அங்காடி திறக்கப்பெற்றது. இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்த செங்கற் கட்டடம் அது.

காய்கறியும் இறைச்சியும் விற்ற அவ்வளாகத்தில் பழம்புத்தக வணிகரும் இடம்பெற்றனர். நாளடைவில் அப்பெயரைச் சொன்னாலே பழைய நூல்கள் நினைவுக்கு வரும் நிலை உண்டாயிற்று. நூலகத்தின் ஒழுங்கு அங்கே இல்லை. சட்ட நூலின் அடியில் தலபுராணம் கிடக்கும். முகப்பேடு இழந்த இலக்கண நூல், சமையற் குறிப்போடு கட்டுண்டு கிடக்கும். நூலகங்கள் பொருட்படுத்தாத சிறு பிரசுரங்களும் நின்றுபோன இதழ்களும் வந்து சேர்ந்த இடம் அதுவே. (தேடிய நூல் அகப்பட்ட மகிழ்ச்சியை முகத்தில் காட்டியவர் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதாயிற்று!) கீரை வாங்க வந்தவரும் நூலோடு திரும்பக்கூடும் என்பதே அவ்விடத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

இரயில் நிலைய விரிவாக்கத்திற்கு அந்நிலம் கோரப்பட்டிருந்த காலத்தில், 1985 மே 30-இல் அங்காடி தீக்கிரையாயிற்று. கட்டடம் எவ்வாறு இருந்தது என்பதற்கு ஒளிப்படங்கள் உள்ளன. எரிந்த நூல்கள் எவை என்பதற்குப் பட்டியல் இல்லை. தமிழாய்வுக்கு நேர்ந்த இழப்பு இதுவேயாகும்.

வணிகர்க்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் அளிக்கப்பட்டன. பழைய இடத்தில் எழுந்த புறநகர் இரயில் முனையம் மூர் மார்க்கெட்டின் பெயரைத் தாங்கியுள்ளது. எரிந்த கட்டடத்தின் சிற்றுருவம் ஒன்றும் அங்கு வைக்கப்பட்டுள்ளது.