கோப்பி, தேயிலை, பைனஸ் – கண்டி மலைகளின் கதை

மரம் நடுவது நற்காரியம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. புவி வெப்பமடைதல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அரசுகளும் நிறுவனங்களும் இத்தனை இலட்சம் மரங்களை நடப்போவதாக அறிவிக்கின்றன. ஆனால் மரம் நட்ட இடமெல்லாம் காடாகிவிடுமா? இதற்கு விடை தேடுவோர் இலங்கையின் கண்டி மலைகளுடைய இருநூறாண்டு வரலாற்றைப் படித்தல் நலம்.

1815ல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முன்னர், மன்னரின் ஆணையால் பொதுமக்கள் நுழையத் தடை செய்யப்பட்ட காடுகள் அங்கு இருந்தன. தலதா மாளிகைக்குப் பின்புறம் இன்றும் நிற்கும் உடவத்தகெலே அத்தகைய காடொன்றின் எச்சமே. 1938ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 100 ஹெக்டேயர்தான்.

ஏனைய காடுகளில் பெரும்பகுதி கோப்பிக்குப் பலியாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கியது. அவை தோட்டத் துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டன. மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டு, சாம்பல் படிந்த மண்ணில் கோப்பிக் கன்றுகள் நடப்பட்டன. அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே வந்த எம்மவருள் எத்தனையோ பேர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். மலையகத் தமிழரின் வரலாறும் இம்மலைகள் காடிழந்த வரலாறும் ஒரே காலத்தில் தொடங்குகின்றன.

1869ல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியது. அதை ஆராய 1880ல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஹாரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர். நோயைப் பரப்பும் பூஞ்சண வித்திகள் காற்றில் பறப்பவை. இடையில் தடுக்க மரங்களின்றி மலைக்கு மலை ஒரே பயிர் விரிந்து கிடந்தமை அந்நோய்க்கு இராஜபாட்டை அமைத்துக் கொடுத்தது என்பதை அவருடைய ஆய்வு உணர்த்திற்று. துரைமார் அப்பாடத்தைக் கற்றார்களில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒற்றைப் பயிர் ஒன்று போய் மற்றோர் ஒற்றைப் பயிர் வந்தது. களை என்று ஒரு புல்லும் விடாமல் சுரண்டப்பட்ட சரிவுகளின் மேல்மண் மழைதோறும் மகாவலி கங்கைக்குள் இறங்கியது.

காட்டின் அருமையை அறிந்தவர்கள் அன்றும் இல்லாமலில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 1873ல் செய்த எச்சரிக்கையை அடுத்து, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. ஆனால் கண்டி நகரைச் சூழ்ந்த ஹந்தானை முதலிய மலைகள் அந்த உயரத்தை எட்டாதவை. ஆகவே அவற்றை அந்தத் தடை காக்கவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பராமரிப்புக் குன்றியது. பல தேயிலைச் சரிவுகள் கைவிடப்பட்டுப் புல் மண்டின. தோட்டத் தமிழர் பலர் பட்டினிக்கு அஞ்சி வன்னிக்குச் சென்றனர். பலர் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டனர். அதே வேளை மகாவலித் திட்டம் விரைந்தது. 1976ல் பொல்கொல்லையிலும் 1985ல் விக்டோரியாவிலும் அணைகள் இயங்கத் தொடங்கின. மேலிருந்து வரும் வண்டல் நீர்த்தேக்கங்களைத் தூர்த்துவிடும் என்ற கவலை பிறந்தது. மலைகளை உடனடியாக மரங்களால் மூடவேண்டியிருந்தது.

தெரிவு செய்யப்பட்டது கரிபியன் பைனஸ். மலட்டு மண்ணிலும் அது வளரும், ஆடுமாடுகள் மேய்வதில்லை. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் சரிவுகள் பலவற்றில் அது வரிசை வரிசையாக நடப்பட்டது. வெறும் புல்லைவிட அது மேல் என்பதை மறுக்க முடியாது. கரியமிலவாயுவை உட்கொண்டது, நிழலும் தந்தது. ஆயினும் ஊற்றுகள் வற்றுகின்றன என்று கிராமத்தவர் முறையிட்டனர். என்றும் பசுமையான ஊசியிலை மரங்கள் புல்லைவிட அதிக நீரை உறிஞ்சுவன என்பது பல நாடுகளின் ஆய்வுகளிலும் கண்ட உண்மை. உதிர்ந்த ஊசியிலைகள் எளிதில் மக்குவதில்லை; வறட்சியில் தீக்கு விறகாகின்றன. பழமில்லாத அம்மரத்தை நாடிவரும் பறவைகளும் குறைவு.

அப்படியாயின் பைனஸை அடியோடு வெட்டி எறிவதா? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க இருவரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் அஷ்டனும் வேறு வழி காட்டினர். 1990களில், தென்மேற்கே சிங்கராஜ வனத்தின் ஓரத்திலுள்ள பைனஸ் தோட்டத்தில் சில வரிசைகளை மட்டும் நீக்கி, அந்த இடைவெளியில் நாகமரம் முதலிய உள்நாட்டுக் கன்றுகளை நட்டனர். மூன்று வரிசைகள் நீக்கப்பட்ட இடங்களில் அவை நன்கு வளர்ந்தன. திறந்த வெயிலில் நின்றுபிடிக்க முடியாத கன்றுகளுக்கு அந்நிய மரம் செவிலித் தாயாயிற்று. ஆனால் இதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் உரிய மரத்தை அறிந்திருக்கவும் வேண்டும்.

இன்னொரு பாடம் கண்டிக் கிராமங்களின் கொல்லையிலேயே இருந்தது. பலாவும் தென்னையும் கமுகும் மேலே, சாதிக்காயும் கராம்பும் இடையே, மரத்தில் படரும் மிளகு, கீழே கோப்பியும் கிழங்கும் இஞ்சியும் என்று அடுக்கடுக்காக அமைந்த கண்டி வீட்டுத் தோட்டங்கள் உலக ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தவை. மண்ணை மூடிக்கொண்டே மனிதருக்குச் சோறும் போடும் முறை அது.

2025 நவம்பரில் தித்வா புயலின் பெருமழையில் கண்டி மாவட்டத்தின் சரிவுகள் இடிந்து பல உயிர்களைக் கொண்டு சென்றன. அத்தகைய மழையை எந்தக் காடும் முழுமையாகத் தாங்கிவிடாது என்பது மெய்யே. ஆயினும் அதன் பின்னர் மலைகளில் மரம் நடக் கிளம்புவோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தலாகாது. கோப்பியின் போதும் தேயிலையின் போதும் பைனஸின் போதும் முடிவெடுத்தவர்கள் மலைக்கு வெளியே இருந்தவர்களே. சரிவின் விளிம்பில் லயன் அறைகளில் வாழ்வோருக்கும் கீழே ஊற்றுநீரை நம்பி வாழும் கிராமத்தவருக்கும் எந்த மரம், எங்கே என்று சொல்லும் உரிமை கிடைக்காவிட்டால், நாளை நடப்படுவதும் நான்காவது ஒற்றைப் பயிராகவே முடியும்.