டிஜிட்டல் உரிமைகளுக்கான சிறு நல்கைகள்: ஒரு வரலாறு

இணைய முடக்கம், கண்காணிப்பு, தணிக்கை ஆகியவற்றை எதிர்த்துச் செயல்படும் உள்ளூர் அமைப்புகளுக்கு வழங்கப்படும் சிறிய நிதியுதவியே டிஜிட்டல் உரிமைகளுக்கான சிறு நல்கை எனப்படுகிறது. இதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் சில ஆயிரம் டாலர் முதல் சில பத்தாயிரம் டாலர் வரை வழங்கப்படும். வழக்குச் செலவு, பாதுகாப்புப் பயிற்சி, பறிமுதலான கணினிக்கு மாற்று, தாக்குதலுக்கு உள்ளான இணையதளத்தை மீட்டல் போன்ற தேவைகளுக்கு இது பயன்படுகிறது. தொகை சிறிதானாலும் உரிய நேரத்தில் கிடைப்பதே இதன் பலம். பணம் ஒரு சில கைகளிலிருந்தே வருவது இதன் பலவீனம்.

தொடக்கம்

இத்துறையின் முன்னோடி அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் 1990-இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான மிட்ச் கபோர் மென்பொருள் தொழிலில் செல்வம் ஈட்டியவர். நெதர்லாந்தில் என்எல்நெட் அறக்கட்டளை தன் இணையச் சேவை நிறுவனத்தை 1997-இல் யூயூநெட் நிறுவனத்துக்கு விற்றது. அந்தப் பணத்தைக் கொண்டு திறந்த இணையத் தொழில்நுட்பங்களுக்கு நல்கை வழங்கத் தொடங்கியது. ஆக, தொடக்கக் காலத்தில் இணையத்தால் ஈட்டிய பணமே இணையத்தைக் காக்கவும் பயன்பட்டது.

அரசுகளின் வருகை

2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு, மக்கள் எழுச்சியை அடக்க நாட்டின் இணையத்தை ஏறத்தாழ முழுமையாக முடக்கியது. ஐந்து நாட்களுக்குப் பிறகே இணைப்பு திரும்பியது. ஒரு நாட்டின் இணையத்தையே நிறுத்திவிட முடியும் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது.

அதே ஆண்டு டிசம்பரில் தி ஹேக் நகரில் 15 நாடுகள் கூடி இணையச் சுதந்திரக் கூட்டணியை அமைத்தன. அதன் தொடர்ச்சியாக 2012-இல் 'டிஜிட்டல் டிஃபெண்டர்ஸ் பார்ட்னர்ஷிப்' உருவானது. நெதர்லாந்தின் ஹிவோஸ் அமைப்பு அதை நிர்வகித்தது. ஆபத்தில் உள்ள செயற்பாட்டாளர்களுக்கு அவசர நல்கை வழங்குவது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. அதே 2012-இல் அமெரிக்க அரசின் பணத்தில் 'ஓப்பன் டெக்னாலஜி ஃபண்ட்' தொடங்கப்பட்டது. இன்று பலரும் அறிந்த சிக்னல் செயலியின் தொடக்கக் கால வளர்ச்சிக்கு இந்நிதியம் உதவியது.

ஏன் உள்ளூர் அமைப்புகள்?

ஒரு நாட்டின் சட்டத்தையும் மொழியையும் மக்களின் அச்சத்தையும் அறிந்தவர்கள் அந்நாட்டவர்களே. அவர்களுடைய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆனால் பெரிய நல்கைகளுக்குத் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும் நீண்ட ஆங்கில விண்ணப்பங்களும் தேவைப்படும். நான்கைந்து பேர் நடத்தும் அமைப்புக்கு இது எட்டாக்கனி. இந்த இடைவெளியை நிரப்பவே சிறு நல்கைகள் தோன்றின.

உகாண்டா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018 ஜூலை 1 முதல் அந்நாட்டு அரசு, வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்றவற்றைப் பயன்படுத்துவோர் நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி கட்ட வேண்டும் என்றது. அன்றாடம் உழைத்துப் பிழைப்போருக்கு இது சுமையானது. தலைநகர் கம்பாலாவில் இயங்கும் சிபெசா என்ற கொள்கை ஆய்வு அமைப்பு 2019-இல் ஆப்பிரிக்க டிஜிட்டல் உரிமைகள் நிதியைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 1,000 முதல் 10,000 டாலர் வரை வழங்குவதாக அது அறிவித்தது. பணம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தாலும், யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு ஆப்பிரிக்க மண்ணிலேயே எடுக்கப்பட்டது குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

உள்ளூர் அமைப்புகள் எதைச் சாதிக்க முடியும் என்பதை டோகோ வழக்கு காட்டியது. 2017 செப்டம்பரில் போராட்டங்களின்போது டோகோ அரசு இணையத்தை முடக்கியது. ஏழு அமைப்புகளும் ஒரு பத்திரிகையாளரும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் நீதிமன்றத்தை நாடினர். 2020 ஜூன் 25 அன்று அந்த முடக்கம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பு வந்தது. மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் சிஎஃப்ஏ பிராங்க் இழப்பீடு வழங்கவும் உத்தரவிடப்பட்டது.

இந்தியாவின் வழி

இந்தியாவில் 2015-இல் இணையச் சமநிலை கோரி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் பாகுபாடான கட்டணங்களைத் தடை செய்தது. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. அந்த இயக்கத்திலிருந்து பிறந்த இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், பொதுமக்களின் நன்கொடையை முக்கிய ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது.

வெளிநாட்டுப் பணத்தை நம்பிய அமைப்புகளின் நிலை வேறு. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியைப் பெற்றுச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறைக்கு இந்தியாவில் இதனால் வழி அடைபட்டது.

சார்பின் விலை

கொடுப்பவரின் அரசியல் மாறினால் பெறுபவரின் பணியும் ஆட்டம் காணும். 2020 ஜூனில் அமெரிக்க அரசு ஊடக முகமையின் புதிய தலைவர், ஓப்பன் டெக்னாலஜி ஃபண்டின் தலைமையை நீக்க முயன்றார். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் இந்நிதியத்துக்கான நல்கை ரத்து செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நிதியம் மீண்டும் வழக்காட வேண்டியதாயிற்று.

வேறொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு அரசின் பணம் பெறும் அமைப்பை 'அந்நியக் கைக்கூலி' என்று முத்திரை குத்துவது உள்நாட்டு அரசுக்கு எளிது. உண்மையான மக்கள் குறையை எடுத்துச் சொல்லும் அமைப்பும் இப்பழிக்குத் தப்புவதில்லை.

ஆகவே வெளிநாட்டு நல்கை, உள்நாட்டு நன்கொடை, தன்னார்வ உழைப்பு என்று பல ஊற்றுகளிலிருந்து வலு பெறும் அமைப்பே நிலைத்து நிற்க முடியும். சிறு நல்கை ஒரு வழக்கைத் தொடங்க உதவும். தீர்ப்பு வரும்வரை அமைப்பைத் தாங்கி நிற்க, சொந்த நாட்டு மக்களின் துணை வேண்டும்.