தம் போட்ட அண்டாவில் துப்பு

துப்பறியும் நாவல் என்றதும் லண்டன் மூடுபனியும் மெட்ராஸ் மவுண்ட் ரோடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் சரக்கைத் தமிழில் மூட்டை மூட்டையாக இறக்கியவர் எங்கள் பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரர் என்பது ஆம்பூரிலேயே பலருக்குத் தெரியாது. ஆரணி குப்புசாமி முதலியார். பட்டுப் புடவைக்குப் பேர்போன ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் மர்மக் கதைகளைத் தழுவி எழுதித் தள்ளினார். பாத்திரங்களுக்கு நம்மூர்ப் பெயர். கொலைக்கு மட்டும் சீமை மூளை. 1915இல் தொடங்கிய ‘ஆனந்த போதினி’க்கு ஆசிரியராக இருந்தார். ‘இரத்தினபுரி இரகசியம்’ பாகம் பாகமாக வந்தது. 1925இல் அவர் காலமாகும்போது தமிழ்நாட்டில் கதை படிக்கிற பழக்கமே அவர் கைவண்ணத்தில் பாதி உருவாகியிருந்தது.

அவர்தான் முதல் ஆள் என்று சொல்ல மாட்டேன். பண்டித நடேச சாஸ்திரி 1894லேயே ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைக் கொண்டுவந்துவிட்டார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தனுக்குத் தனி ரசிகர் கூட்டம் இருந்தது. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் திகம்பர சாமியார் 1950இல் நம்பியார் நடித்துப் படமாகவே வந்தார். ஆனாலும் ஆரணிக்காரர் என்றால் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம் கூடுதல்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், என் தம்பி மகள் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். சென்னையில் வேலை பார்க்கிறாள். ரயிலில் போகவர மொபைலில் விவியன் சியென் என்ற அமெரிக்கப் பெண் எழுதிய வரிசை ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். முதல் புத்தகம் 2018இல் வந்தது. கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு குடும்பம் நூடுல்ஸ் கடை நடத்துகிறது. வேறு போக்கிடம் இல்லாமல் அம்மா அப்பாவின் கடைக்கே பரிமாற வந்து சேர்ந்த மகள்தான் கதாநாயகி. கட்டடத்தை மேற்பார்க்கிறவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அந்தக் கடை கொழுக்கட்டையைச் சாப்பிட்டு அவர் செத்துப்போகிறார். பழி சமையல்கட்டின் மேல் விழுகிறது. ரத்தம் அதிகம் தெறிக்காத, டீயோடு படிக்கிற மாதிரி கொலை. “பெரியப்பா, நம்ம ஆம்பூர்ல தெருவுக்கு நாலு குடும்பம் பிரியாணிக் கடை வச்சிருக்கு. ஒருத்தர் கூட ஏன் இப்படி எழுதல?” என்றாள்.

நான் தோல் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இலக்கிய விமர்சகன் அல்ல. ஆனால் இந்த ஊரில் துப்பறியும் நாவல் எப்படி வந்தது, யார் படித்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

முதலில் ரயில். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பிறகு அந்தத் தடம் எங்கள் ஊர் வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஆவாரம்பட்டையில் பதப்பட்டு, அதே தடத்தில் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து லண்டன் போயின. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்குச் சீமையில் நல்ல மதிப்பு இருந்தது. திரும்பி வரும் ரயிலில் மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போய்வந்த ஆட்கள் கையில் ஒரு வார இதழோ நாவலோ இருக்கும். தோல் லண்டனுக்குப் போக, லண்டன் கதை தழுவலாக ஆம்பூருக்கு வந்தது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அடுத்தது வாடகைப் புத்தகக் கடை. லெண்டிங் லைப்ரரி என்று போர்டு இருக்கும். உள்ளே ஆள் ஒருக்களித்துத்தான் நிற்க முடியும். காக்கி அட்டை ஒட்டி, ஊசி நூலால் தைத்த புத்தகங்கள். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் அபராதம், ஆனாலும் கிழிப்பார்கள். கொலையாளி பெயரை முதல் பக்கத்திலேயே பென்சிலில் எழுதிவைக்கிற புண்ணியவான்களும் உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லாலை நான் அங்கேதான் சந்தித்தேன். சிக்கல் முற்றினால் சங்கர்லால் தேநீர் குடிப்பார். தமிழ்த் துப்பறிவாளருக்குச் சாப்பாட்டில் அவ்வளவுதான் அக்கறை. தேவனின் துப்பறியும் சாம்பு மட்டும் வீட்டு மனிதர். நாற்பதுகளில் விகடனில் வந்த அந்த அசட்டுப் பாங்கு குமாஸ்தா, அதிர்ஷ்டத்திலேயே கேசை முடிப்பார். தம்பி மகள் படிக்கிற ரகத்துக்குத் தமிழில் கிட்டத்தில் வருகிறவர் அவர்தான். சுஜாதாவின் கணேஷ் 1968இல் ‘நைலான் கயிறு’ வழியாக வந்தபோது துப்பறிவாளர் வக்கீல் ஆகிவிட்டார், ரசனையும் மாறிப்போனது.

இந்தத் தமிழ்ப் பக்கத்துக்கு இணையாக ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஓர் உருதுப் பக்கமும் இருந்தது. எங்கள் கம்பெனியில் கிடங்குக் கணக்கு பார்த்த பாய் ஒருவர் இப்னே சஃபியின் பக்தர். 1952இல் அலகாபாத்தில் ‘ஜாசூஸி துனியா’ என்ற துப்பறியும் நாவல் வரிசையைத் தொடங்கிய இப்னே சஃபி, அதே வருஷம் கராச்சிக்குப் போய்விட்டார். பிரிவினைக்குப் பிறகு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தேசங்களும் அவர் நாவலுக்கு மட்டும் ஒரே மாதிரி காத்திருந்தன. எனக்கு உருது எழுத்து படிக்கத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாய் ஒரு கையில் புத்தகம், மறு கையில் சோறு என்று வைத்துக்கொண்டு தமிழில் சொல்வார். “கேளுங்க தம்பி, இம்ரான் பெரிய உளவாளி, ஆனா வீட்டுச் சமையல்காரன் சுலைமானை ஜெயிக்க முடியல” என்று ஆரம்பித்தால் கொலையே மறந்துபோகும். எசமானும் சமையல்காரனும் பருப்புக்காகச் சண்டை போடுவதைக் கேட்டுச் சிரித்ததுதான் எனக்கு மிச்சம். சமையல்கட்டு உள்ள துப்பறியும் கதையை நான் கேட்டது உருதுவிலிருந்துதான்.

பிறகு எழுபதுகளில் ஒரு திருப்பம். பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதை மத்திய அரசு 1973 முதல் கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட வேண்டும், முடிந்தால் செருப்பாகவும் ஷூவாகவும் செய்து அனுப்ப வேண்டும் என்றாயிற்று. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள் ஆண்கள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கப் பெண்கள் வந்தார்கள். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில், டிபன் பாக்ஸோடு. அவர்கள் கையில் முதல்முறையாகச் சொந்தச் சம்பளம் புழங்கிய எண்பதுகளில்தான் பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், மாலைமதி எல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கின. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேன்–வைஜெயந்தி. ஒருத்தி வாங்கினால் பஸ்ஸில் பாதிப் பேர் படித்துவிடுவார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. என் கணிப்பு அது.

இவ்வளவு வாசகர்கள் இருந்தும் கதை மட்டும் ஆம்பூருக்கு வரவில்லை. அது கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பங்களாக்களிலும் நடந்தது. ஏன்?

தமிழ்க் கதையில் ஓட்டல் என்றால் காபி ஓட்டல். எழுதியவர்கள் உட்கார்ந்த இடம் அது. பிரியாணிக் கடை அவர்கள் கண்ணில் பசிக்கு ஒதுங்கும் இடமே தவிர, கதை நடக்கும் இடம் இல்லை. ஸ்டார் பிரியாணிக்காரர்கள் 1890 முதல் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆற்காடு நவாப் சமையலறையில் பிறந்த கைப்பக்குவம் என்பது ஊர்ப் பேச்சு. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் கல்லாவில் உட்கார்ந்த கடைகள் இங்கே உண்டு. யாருக்கு எந்த மண்டியில் கடன், யார் மகளுக்கு எங்கே சம்பந்தம், எந்த ஆர்டர் திரும்பி வந்தது, எல்லாம் கல்லாவுக்கு முதலில் வரும். துணி மறைப்புப் போட்ட ஃபேமிலி ரூமில் பேசுவது பரிமாறுகிற பையனுக்குத் தெரியும். பின்கட்டில் பூண்டு உரிக்கிற பெண்களுக்கு இன்னும் அதிகம் தெரியும். கதை எழுதினால் துப்பறிய வேண்டியவள் அந்தப் பூண்டு உரிக்கிறவள்தான். முன்பக்கம் அவள் வர மாட்டாள் என்பதுதான் சிக்கல். கதைக்கு நல்ல சிக்கல்.

எந்தத் தட்டுக்கு இங்கே இடம் என்பதும் லேசான விஷயமில்லை. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவை ஒத்திவைத்தார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்துக்கு அது போதும்.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. அது அவ்வளவு சுகமானதல்ல. எங்கள் பக்கத்துச் சாவுகளில் மர்மம் இருப்பதில்லை. பாலாறு கெட்டது எதனால் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை. தோல் கழிவுதான் காரணம் என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்தது. 2015 ஜனவரி கடைசி நாள் ராணிப்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். டீ குடித்தபடி அதைப் படிக்க முடியாது. நூடுல்ஸ் கடைக் கதை ஒரே ஒரு கட்டட மேற்பார்வையாளரோடு நின்றுகொள்கிறது. அந்த வசதி எங்களுக்கு இல்லை.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி மகள் விடவில்லை. “சரி பெரியப்பா, டெக்னிக்கலா முடியுமா?” என்று கேட்டு, நான் வழக்கமாகப் போகும் கடை மாஸ்டரிடமே இழுத்துப்போனாள். பதினோரு மணிக்குத் தம் உடைக்கிற நேரம். சீரக சம்பா அரிசி தனியாக முக்கால் வேக்காடு, ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுதில் வெந்த கறி தனியாக, பிறகு இரண்டும் சேர்ந்து மூடிமேல் தணலோடு அண்டாவில். கிலோ அரிசிக்குக் கிலோ கறி. மாஸ்டர் கரண்டியை நிறுத்தாமல் கேட்டார். அண்டாவில் விஷம் வைத்தால் ஊரே போய்விடும், அது கதைக்கு ஆகாது என்றார். தட்டில் வைக்கலாம் என்றால், எந்தத் தட்டு எந்த மேசைக்குப் போகிறது என்று அவருக்கே தெரியாது. தயிர்ப் பச்சடியும் பொது வாளி.

“அப்போ கத்திரிக்காய்?” என்றாள்.

கரண்டி நின்றது. “அதும்மா, கேக்கறவங்களுக்கு மட்டும்தான் வைப்போம். தெனம் வர்ற ஆளு யாரு கேப்பாரு, யாரு வேணாம்பாருன்னு பையனுக்குத் தெரியும்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா எங்க கடை பேரு போடாதே. இன்னாம்மா, எழுதப் போறியா?”

மொபைலில் குறித்துக்கொண்டிருந்தாள்.