மாரிகுப்பம்: நுரையீரல் படத்திலிருந்து இடுப்புச் சுற்றளவுக்கு

கோலார் தங்கவயலின் வரலாற்றைப் பொன்னின் வரலாறாக எழுதியவர்கள் பலர். உழைப்பின் வரலாறாக எழுதியவர்கள் சிலர். அதே ஊரை உடற்பரிசோதனையின் வரலாறாகவும் வாசிக்கலாம். யாருடைய உடலை, யார், எதற்காக அளந்தார்கள்? இக்கேள்வியை மாரிகுப்பத்தில் நின்று கேட்டால், இன்று இருபதுகளில் இருக்கும் தலைமுறையின் நீரிழிவு, இதயநோய் அபாயம் பற்றிய விவாதம் வேறு தெளிவு பெறுகிறது.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே காலூன்றியது. அதற்குச் சற்று முன்புதான், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் சேலத்தையும் சூறையாடியிருந்தது. அம்மாவட்டங்களிலிருந்து சுரங்கத்திற்கு வந்த தமிழ்த் தொழிலாளரில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். நிலமற்றவர்களுக்குப் பண்ணையைவிடச் சுரங்கமே மேலாகத் தெரிந்தது. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. அதன் கடைசி நிலையம் மாரிகுப்பம். ஆட்களை உள்ளே கொண்டுவந்த அதே பாதை, இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளை வெளியே கொண்டுசெல்கிறது.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறையைத் துளைக்கையில் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, மெல்ல மெல்ல மூச்சை இறுக்கியது. இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானது 1947இல், இதே கோலார் சுரங்கங்களிலிருந்துதான். தங்கச் சுரங்கங்களில் நுரையீரலைக் கூட்டாகப் பரிசோதிக்கும் முறைக்கு முன்னோடி தென்னாப்பிரிக்கா. அங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இதற்கெனத் தனி மருத்துவ வாரியமே அமைந்தது. வேலைக்குச் சேரும்போது ஒரு பரிசோதனை, பின்னர் குறித்த இடைவெளிகளில் மறுபரிசோதனை என்பது அதன் ஒழுங்கு. நோய் வெளிப்படுமுன் அறிகுறியைத் தேடும் இன்றைய தொடக்கநிலைப் பரிசோதனையின் வேர்களில் ஒன்று இத்தகைய தொழிற்களங்களில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பரிசோதனைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, நோயாளியைக் காப்பது. மற்றொன்று, பயன்படாத உடலைக் கழித்துக்கட்டுவது. தொழிலாளி எந்த முகத்தைக் கண்டான் என்பது, பரிசோதனையின் முடிவு யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகை மருத்துவம் அன்று. எனினும், தங்கள் உடலின் அடையாளம் நிர்வாகத்தின் பதிவேட்டுக்குள் போவதன் பொருளை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அப்போராட்டம் சான்று.

2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. வேலை போயிற்று என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. உடலைக் கவனிக்கக் கடமைப்பட்டிருந்த ஒரே முதலாளியும் அத்துடன் போயிற்று என்பது அதிகம் பேசப்படாதது. இன்று விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் இளைஞர்களின் முதலாளிகள் பலர், ஒப்பந்தங்கள் குறுகியவை. தாத்தாவின் நுரையீரலைப் படம்பிடிக்க ஒரு நிறுவனம் இருந்தது. பேரனின் இரத்தத்தைப் பார்க்கும் பொறுப்பு எவருடையதும் அன்று.

பேரனைக் காத்திருக்கும் நோயும் வேறு. வளர்சிதை மாற்ற நோய்க்குறித் தொகுப்பு, அதாவது மெட்டபாலிக் சிண்ட்ரோம், ஒரு தனி நோயன்று. ஒன்றோடொன்று கைகோத்து வரும் அபாயங்களின் கூட்டு. 1988இல் ஜெரால்டு ரீவன், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமையே இக்கூட்டின் அடிப்படை என்று வாதிட்டு, இதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' எனப் பெயரிட்டார். 1998இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வரையறை தந்தது. 2005இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இடுப்புச் சுற்றளவை மையத்தில் வைத்தது. தெற்காசியருக்கு அதன் எல்லை, ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இதனுடன் டிரைகிளிசரைடு, எச்.டி.எல். எனும் நல்ல கொழுப்பு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை ஆகிய நான்கில் இரண்டு பிறழ்ந்திருந்தால் அத்தொகுப்பு உறுதியாகிறது.

தெற்காசியருக்குத் தனி எல்லை ஏன்? ஒல்லியாகத் தோன்றும் உடலிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதை, லண்டன் சவுத்தாலில் குடியேறியோரிடம் நடந்த ஆய்வும் புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் மேற்கொண்ட ஆய்வுகளும் காட்டின. கர்நாடகத்திலேயே ஒரு சான்று உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்த 517 பேரைத் தேடி ஆராய்ந்து, 1996இல் வெளியான கட்டுரை, எடை குறைவாகப் பிறந்தோரிடம் பிற்காலத்தில் இதயநோய் மிகுந்திருந்ததைக் காட்டியது. இதைக் கொண்டு தாது வருடப் பஞ்சத்திலிருந்து இன்றைய நீரிழிவுவரை நேர்கோடு இழுப்பது கவர்ச்சியானது. ஆனால் அத்தனை பாரத்தை அச்சான்று தாங்காது. தாயின் ஊட்டக்குறைவும் பிள்ளையின் பிற்கால நோயும் தொடர்புடையவை என்பதே அது நமக்குத் தரும் எல்லை.

தங்கவயலாருக்கு இன்னும் நெருக்கமான சான்று, அவர்களுடைய முன்னோர் விட்டுவந்த வட ஆர்க்காட்டு மண்ணிலேயே கிடைக்கிறது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பதிவுசெய்து வைத்திருந்தது. அவர்களில் 2218 பேரை, 26 முதல் 32 வயதுக்குள் இருந்தபோது ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். அந்த இளம் வயதிலேயே சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியோர் நகரத்திலும் கிராமத்திலும் கணிசமாக இருந்தனர். 2007இல் வெளியான அக்கட்டுரையின் பொருள் எளிது: முப்பதுக்குப் பிறகு தேடத் தொடங்குவது, பலருக்குக் காலம் கடந்த தேடல்.

நம் தேசியத் திட்டம் முப்பதில்தான் தொடங்குகிறது. 2010இல் தொற்றா நோய்களுக்கான திட்டம் வந்தது. அதன்கீழ் நடைபெறும் மக்கள்தொகை அளவிலான பரிசோதனை 30 வயதைக் கடந்தோருக்கானது. கருவிகளிலும் இதே சாய்வு உண்டு. சென்னையில் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் எளிமையானது, மலிவானது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நீரிழிவு ஆகிய நான்கையும் கொண்டு நூற்றுக்குக் கணக்கிடுவது. 60ஐ எட்டினால் மிகு அபாயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 வயது இளைஞன். இடுப்பு 92 செ.மீ. (10), உடற்பயிற்சியின்றி அமர்ந்தே செய்யும் வேலை (30), பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு (10), வயதுக்கு 0. ஆக 50; நடுத்தர அபாயம். இதே உடல்வாகும் வாழ்முறையும் உள்ள 52 வயதுக்காரருக்கு வயது 30 மதிப்பெண் கூட்டி, 80 தருகிறது. இது கருவியின் பிழையன்று; ஏற்கெனவே இருந்தும் அறியப்படாத நீரிழிவைக் கண்டுபிடிக்கவே அது உருவானது. ஆனால் தடுப்பை நோக்கமாகக் கொண்டால் அதே கணக்கை வேறு விதமாக வாசிக்க வேண்டும். இளைஞனின் 50இல் 40 மதிப்பெண்கள், அதாவது இடுப்பும் உழைப்பும், மாற்றத்தக்கவை. மூத்தவரின் 80இல் மாற்றத்தக்கவையும் அதே 40தான். மூத்தவரிடம் பாதி, இளைஞனிடம் ஐந்தில் நான்கு. இளமையில் பரிசோதிப்பதற்கான நியாயம் இந்த விகிதத்தில் இருக்கிறது.

ஆயினும் அளப்பது மட்டும் போதாது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் வகுத்த நெறிகள், கண்டறியப்பட்டவருக்கு ஏற்ற சிகிச்சையும் அதற்கான வசதியும் இருக்க வேண்டும் என வலியுறுத்துகின்றன. நாளின் பல மணி நேரத்தை ரயிலில் கழிப்பவனிடம் 'தினமும் நடங்கள்' என்று எழுதிக் கொடுப்பது சிகிச்சையாகாது. அவன் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருப்பதும், மறுபரிசோதனைக்கு ஒரு நாள் கூலியை இழக்க நேராதிருப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

அதைவிட முதன்மையானது, முடிவு யாருக்குச் சொந்தம் என்பது. வேலைக்கு எடுக்கும் நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ அவ்விளைஞனின் இடுப்பளவைக் கழித்துக்கட்டும் கருவியாக ஆக்கிக்கொண்டால், 1930இன் கைரேகை வேறு வடிவில் திரும்பிவரும்; மக்களும் அதை மறுப்பார்கள், மறுப்பதில் நியாயமும் இருக்கும். பொதுச் சுகாதாரம், மருத்துவ வரலாறு ஆகிய துறைகளின் ஆய்வு மாணவர்கள் கைகோக்க வேண்டிய இடம் இது. இடுப்பை அளக்கும் நாடாவின் விலை சில ரூபாய். அதை நம்பி ஒருவன் தன் உடலைக் காட்டுவதற்கு வேண்டிய நம்பிக்கையைச் சுரங்கம் இந்த ஊருக்கு விட்டுச்செல்லவில்லை; இனிவரும் பரிசோதனைத் திட்டம் அதைத் தன் செயலால்தான் ஈட்டியாக வேண்டும்.