சிறுதொட்டி மண்ணின் வரலாறு

நிலத்தில் வேரூன்றிய செடிக்கு நிலம் முழுவதும் தாய்மடியாகும். ஈரம் குறைந்தால் வேர் ஆழம் நோக்கிச் செல்லும். சத்துக் குறைந்தால் பக்கவாட்டில் படரும். தொட்டிச் செடிக்கோ அவ்வுரிமை இல்லை. கையளவு மண்ணே அதன் உலகம். அதில் மனிதன் இட்டது உண்டு, இடாதது இல்லை. ஆதலின், சிறு தொட்டிக்கு மண்ணையும் உரத்தையும் எவ்வாறு கலப்பது என்னும் கேள்வி சிறியதாகத் தோன்றினும், அதற்குத் திட்டமான விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் இட்டால் போதாதோ எனக் கேட்கலாம். நிலத்தில் பெய்த நீரைக் கீழுள்ள மண் ஈர்த்துக்கொள்வதால் அது ஆழத்திற்கு இறங்கும். தொட்டியிலோ மண் அடித்துளையோடு முடிந்துவிடுகிறது. துளை இருந்தும் அடிமண் நீரை விடாது பிடித்துக்கொள்ளும். தொட்டி எவ்வளவு குட்டையோ, அவ்வளவிற்கு நீர் தேங்கிய பகுதியின் பங்கு மிகும். காற்றின்றி வேர் அழுகும். அன்றாடம் நீர் ஊற்றுவதால் மண் இறுகும்; சத்தும் கரைந்து வெளியேறும். எனவே நீரைத் தேக்கவும், காற்றுக்கு இடம் விடவும், உணவைச் சேமித்து வழங்கவும் வல்ல கலவையே தொட்டிக்கு ஏற்றது.

19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இதனைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். புல்தரையை வேரோடு பெயர்த்து அடுக்கி மட்கவைத்த மண், இலைமட்கு, மணல், மட்கிய சாணம், கரித்தூள் முதலியவற்றைச் செடிக்குச் செடி வேறுபடுத்திக் கலந்தனர். அக்கலவை முறைகள் பெரும்பாலும் ஆசானின் கையிலிருந்து மாணாக்கனின் கைக்குச் சென்றனவேயன்றி, அளந்து சோதிக்கப்பட்டவை அல்ல. 1840இல் செருமானிய அறிஞர் லீபிக் பயிரின் உணவு பற்றிய வேதியியல் நூலை வெளியிட்டார். 1842இல் இங்கிலாந்தில் லாஸ் என்பார் சூப்பர் பாசுபேட்டு உரத்திற்குக் காப்புரிமை பெற்றார். வயல்களில் புதிய அறிவு பரவிற்று. தொட்டி வைக்கும் கொட்டகைகளிலோ பழைய வழக்கமே நீடித்தது.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இலண்டனை அடுத்த மெர்ட்டனில் நிலக்கிழாராக விளங்கிய ஜான் இன்னஸ் என்னும் வணிகர் 1904இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1910இல் அவர் பெயரால் தோட்டக்கலை ஆய்வுக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர், மரபியல் துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டிய வில்லியம் பேட்சன் ஆவார். அங்கு சீனப் பிரிமுலா என்னும் பூச்செடியைக் கொண்டு மரபியல் ஆய்வுகள் நடந்தன. 1930களில் அதன் நாற்றுகள் பெருமளவில் மடிந்தன. செடி மடிந்தால் ஆய்வும் மடியும். பிழை மரபில் இல்லை, மண்ணில் உள்ளது என்பது தெளிவாயிற்று.

வில்லியம் லாரன்சு, ஜான் நியூவெல் என்னும் இருவர் இச்சிக்கலை ஆராய்ந்தனர். மண்ணில் நீராவியைச் செலுத்தி நோய்க்கிருமிகளை அழித்தனர். அவ்வாறு வெப்பமூட்டிய மண்ணில் இளநாற்றுகள் தேக்கமுறுவதையும், சூப்பர் பாசுபேட்டு சேர்த்தால் அத்தேக்கம் நீங்குவதையும் கண்டனர். பல கலவைகளை ஒப்பிட்டுச் சோதித்தபின், செடிக்கொரு கலவை தேவையில்லை, சில பொதுக் கலவைகளே பெரும்பாலான செடிகளுக்குப் போதும் என முடிவு செய்தனர்.

விதைப்பதற்குரிய கலவையில் புல்தரை மண் 2 பங்கு, சதுப்புநில மட்காகிய பீட் 1 பங்கு, மணல் 1 பங்கு. தொட்டிக்குரிய கலவையில் இவை முறையே 7, 3, 2 பங்குகள். இப்பங்குகள் கொள்ளளவால் அமைந்தவை. உரமோ எடையால் அமைந்தது: குளம்பு-கொம்புத் தூள் 2 பங்கு, சூப்பர் பாசுபேட்டு 2 பங்கு, பொட்டாசியம் சல்பேட்டு 1 பங்கு. ஏறத்தாழ 36 லிட்டர் தொட்டி மண்ணுக்கு இவ்வுரம் 113 கிராமும், சீமைச் சுண்ணாம்புத் தூள் 21 கிராமும் சேர்த்தால் முதற் கலவை. செடி வளர்ந்து பெரிய தொட்டிக்கு மாறுகையில் உரமும் சுண்ணாம்பும் இருமடங்கு, மும்மடங்கு ஆகும்.

இவ்வமைப்பின் நுட்பம் எண்ணத்தக்கது. குளம்பும் கொம்பும் மெல்ல மட்கித் தழைச்சத்தைச் சிறுகச் சிறுக வழங்கும்; வேதியுரங்கள் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் விரைந்து தரும். இயற்கை உரமா, செயற்கை உரமா என்னும் வழக்கில் ஒரு பக்கம் சாயாமல், எது எப்பணிக்கு உரியது என ஆராய்ந்த தெளிவு இதில் உண்டு.

அதனினும் சிறந்தது அவர்கள் செய்த அடுத்த செயல். ஆய்வுக்கழகம் இக்கலவையை விற்கவில்லை. செய்முறையை அனைவருக்கும் அறிவித்தது. 1939இல் இருவரின் நூலும் வெளிவந்தது. அவ்வாண்டே மூண்ட உலகப் போரில் உணவு நெருக்கடி நேர்ந்தபோது, பிரித்தானிய மக்கள் காய்கறி நாற்றுகள் வளர்க்க இக்கலவை கைகொடுத்தது. ஆய்வுக்கழகத்தின் பெயர் கலவையின் பெயராகவே வழங்கலாயிற்று.

ஆயினும் புல்தரை மண் இடத்துக்கிடம் வேறுபடுவது, எளிதிற் கிடைப்பதுமன்று. ஆகவே கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நுண்மணலும் பீட்டும் மட்டுமே கொண்ட கலவைகளை உருவாக்கி, 1957இல் கையேடாக வெளியிட்டது. 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் பீட்டோடு வெர்மிகுலைட்டைக் கலந்தனர். தொட்டி மண்ணில் மண்ணே இல்லாத காலம் பிறந்தது. பீட் எடை குறைந்தது, நீரை நன்கு பிடிப்பது. ஆனால் சதுப்பு நிலத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே உயரும். ஒரு மீட்டர் படிய ஓராயிரம் ஆண்டுகள் வேண்டும். அதனை அகழ்ந்தால் சேமிக்கப்பட்ட கரி வளியாகி வானிற் கலக்கும். இங்கிலாந்தில் இல்லத் தோட்டங்களுக்குப் பீட் விற்பதை 2024க்குள் தடுக்கும் திட்டத்தை அரசு 2022இல் அறிவித்தது. குறித்த ஆண்டில் அது நடைமுறைக்கு வரவில்லை.

பீட்டிற்கு மாற்றாக உலகம் நாடிய பொருள்களுள் தென்னை நார்க்கழிவு முதன்மையானது. கயிறு திரிக்கும் ஆலைகளின் புறத்தே குப்பையாகக் குவிந்து கிடந்த அத்தூள், இலங்கையிலிருந்தும் தமிழகத்துப் பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இன்று கட்டிகளாகக் கப்பலேறுகிறது. அதிலும் அறிவோடு கலக்கும் கை வேண்டும். உப்பை நீரால் கழுவி நீக்க வேண்டும். அதன் கரிச்சத்து தழைச்சத்தைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு; ஆதலின் மட்கவைக்காது இட்டால், செடிக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் கவர்ந்துகொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து அதனை மட்கவைக்கும் முறையைப் பரப்பியுள்ளது.

ஒருவர் நெஞ்சில் மறைந்திருந்த கைப்பக்குவம் அவரோடு மறைந்தது. அளந்து, சோதித்து, ஊரறிய உரைத்த கலவையோ நாடுகள் கடந்து வாழ்கிறது. குறை கண்டவர் திருத்தவும் இடந்தருகிறது. கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் சிறு தொட்டியின் மண் உணர்த்தும் செய்தி இதுவே.