ஆதரவு சிகிச்சையும் மறதி நோயும்: இல்லப் பணியாளர் பயிற்சியின் வரலாறு, ஓசூர் எல்லையிலிருந்து

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில். இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வரும் என்றது அத்திட்டம். ஆனால் மறதி நோய் முற்றியவர் வீட்டில் இல்லாமல் முதியோர் இல்லமொன்றில் படுத்திருந்தால், அவருக்குச் சோறூட்டிப் புரட்டிப் படுக்கவைக்கும் ஆயாவுக்கு இந்த வேலையை யார் கற்றுத்தருவது? இரண்டு இயக்கங்கள் ஒன்றையொன்று பாராமல் வளர்ந்ததால்தான் இக்கேள்வி இன்னும் கேள்வியாகவே நிற்கிறது என்பது என் வாதம்.

முதல் இயக்கமான ஆதரவு சிகிச்சை புற்றுநோயில் பிறந்தது. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். இந்தியாவில் 1986இல் மும்பையின் சாந்தி அவேத்னா சதன், 1993இல் கோழிக்கோட்டு வலி நிவாரண மையம், ஓசூருக்குப் பக்கத்திலேயே 1999 முதல் பெங்களூரு கருணாஸ்ரயா எனத் தொடர்ந்தது. இவற்றின் மையக் கவலை வலி நிவாரணியான மார்ஃபின். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவமனைகளுக்கே எட்டாக்கனி ஆக்கியிருந்தது. 2014 திருத்தம்தான் முடிச்சை ஓரளவு தளர்த்தியது. ஆகவே பயிற்சியும் பெரும்பாலும் மருந்தெழுதும் மருத்துவரையும் ஊசி போடும் செவிலியரையும் நோக்கியே அமைந்தது. அக்கம்பக்கத்தாரைத் தொண்டர்களாக்கிய கேரளம் இதற்கு விலக்கு.

இரண்டாவது இயக்கம் 1992இல் ஜேக்கப் ராய் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்திலிருந்து கிளைத்தது. 2010இல் பெங்களூரு கஸ்தூரி நகரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை மறதி நோயாளிகளுக்கான உறைவிட மையத்தை நிறுவியது. 2008இல் வெளியான கோவா ஆய்வு, உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சியளித்து மறதி நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினாலே பராமரிப்போரின் மன நலம் மேம்படுவதைக் காட்டியது. இந்த இயக்கம் அதிகம் பேசியது நோயைக் கண்டறிவதையும், அலைந்து திரிபவரைச் சமாளிப்பதையும், குடும்பத்தாரின் சுமையையும்தான். சாவைப் பற்றிய பேச்சு இங்கே குறைவு.

இரண்டையும் இணைக்கும் சான்று 2009இல் பாஸ்டனிலிருந்து வந்தது. அங்குள்ள 22 பராமரிப்பு இல்லங்களில் மறதி நோய் முற்றிய 323 பேரை மிட்செல் என்ற ஆய்வாளரின் குழு பதினெட்டு மாதம் பின்தொடர்ந்தது. பாதிக்கு மேற்பட்டோர் அக்காலத்திலேயே இறந்தனர்; சுமார் 86 சதவீதத்தினருக்கு உண்பதில் சிக்கல், சுமார் 41 சதவீதத்தினருக்கு நிமோனியா. மறதி நோயும் உயிரைப் பறிக்கும் நோயே என்பது அதன்பிறகே உறுதியாகப் பேசப்பட்டது. 2014இல் ஐரோப்பிய ஆதரவு சிகிச்சைச் சங்கம் மறதி நோய்க்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது.

இந்த எண்களைக் கூர்ந்து பார்த்தால் வேலை யார் கையில் இருக்கிறது என்பது விளங்கும். உண்பதில் சிக்கல் என்றால் கரண்டி ஆயாவின் கையில். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சமாக ஊட்டி, தொண்டை ஏறி இறங்கும்வரை பொறுத்து, அடுத்த வாய் தர வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருண்டையாக விழுங்குவதே வழக்கம். விழுங்கும் திறன் போனவருக்கு அதுவே மூச்சை அடைத்துவிடும். அதே மாவைக் கெட்டிக் கூழாகக் காய்ச்சத் தெரிந்தவர் ஓர் ஆபத்தைத் தவிர்க்கிறார். எந்த இறக்குமதிப் பாடநூலிலும் களி இருக்காது.

வலியும் அப்படித்தான். சொல்லத் தெரியாதவரின் வலியை அறிய 2003இல் வந்த பெய்னாட் அளவுகோல் மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என ஐந்தைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடுகிறது. ஓசூரில் இதற்குக் கூடுதல் தேவை உண்டு: தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊரில், பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழி மட்டும் மிஞ்சிய முதியவரின் சொல் பணியாளருக்குப் புரியாமல் போகலாம், முகச் சுளிப்பு புரியும்.

பயிற்சி மட்டும் போதுமா? 7 ஐரோப்பிய நாடுகளின் 78 இல்லங்களில் நடந்த பேஸ் ஆய்வில் பணியாளர்களுக்கு ஆதரவு சிகிச்சைப் பயிற்சி தரப்பட்டது. கடைசி வாரத்தின் சுகம் அதனால் கூடவில்லை. பராமரிப்பின் தரம் மட்டும் சற்று உயர்ந்தது. ஓரிரு நாள் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் நம் வழக்கத்தைப் பார்க்கும்போது, இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

1980களில் ஓசூரின் டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகளில் இருபது வயதில் சேர்ந்தவர்கள் இன்று அறுபதை நெருங்கியோ கடந்தோ நிற்கிறார்கள். நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் என்கிறது 2023இல் வெளியான தேசிய ஆய்வு. வேலைக்காக ஊர்விட்டு வந்து குடியேறிய இத்தலைமுறையில் பலருக்குப் பக்கத்தில் உறவுக்காரர் இல்லை.

சட்டமும் முன்னால் போய்விட்டது. இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய முன்விருப்பப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023 ஜனவரியில் நோட்டரி சான்றே போதும் என நடைமுறையை எளிதாக்கியது. எல்லைக்கு அப்பால் கர்நாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று இதற்கான சுற்றறிக்கையை அனுப்பியது. ஆனால் பத்திரம் எழுதச் சுயநினைவும் தெளிவும் வேண்டும். மறதி முற்றியபின் இல்லத்துக்கு வருபவரிடம் கேட்டுப் பயனில்லை. தொடக்க நிலையில் சேர்பவரிடம், சேர்க்கைப் படிவத்திலேயே, குழாய் வழி உணவு வேண்டுமா, கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டு எழுதிவைக்கலாம். அதைக் கேட்கும் விதமும் பயிற்சியில் சேர வேண்டியதே.