வார்டுக்கும் வகுப்பறைக்கும் இடைப்பட்ட ஆண்டுகள்

1860-இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரில் திரண்ட நிதியைக் கொண்டு தொடங்கிய செவிலியர் பள்ளியில் முதலில் சேர்ந்த 15 பெண்கள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு மதிப்பீட்டுத் தாள் நிரப்பப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை ஆகிய குணங்களுக்கும், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற கைத்திறனுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் செவிலி சென்று சேர வேண்டிய இடம் வார்டுதான் என்பதே அப்பள்ளியின் கருத்து. தேர்வெழுதித் தேறுவதை இத்தொழிலின் அளவுகோலாக ஏற்க மறுத்த நைட்டிங்கேல், செவிலியரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று பின்னர் எழுந்த கோரிக்கையையும் எதிர்த்தார்.

இந்த மரபின் சாயல் சென்னை மாகாணத்திலும் படிந்தது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சியும், 1909-இல் வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் நிறுவிய செவிலியர் பள்ளியும், மருத்துவமனைக்கு வேண்டிய கைகளை மருத்துவமனைக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளும் ஏற்பாடுகளாகவே அமைந்தன. 1926-இல் வந்த சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவை முறைப்படுத்தியதேயன்றி, அதற்கு மேல் ஏறப் படி எதையும் அமைக்கவில்லை. மேற்படிப்பை நாடியவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு லண்டனில் நடத்திய பன்னாட்டுப் பாடநெறிகள், பல்லாண்டு பணியாற்றி, கண்காணிப்பாளர் பொறுப்பையோ, பயிற்சிச் செவிலியருக்குப் பாடம் நடத்தும் ‘சிஸ்டர் டியூட்டர்’ பொறுப்பையோ ஏற்கவிருந்தவர்களை எண்ணியே வகுக்கப்பட்டவை. ஆகவே மேலே படிக்கும் காலம் எது என்ற வினா அன்று செவிலியின் முன் எழவே இல்லை. மேற்பதவி ஒன்று காலியாகும் வேளையே அதற்கு விடையாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் இந்த வரிசையைக் குலைத்தது. படைக்கும் மருத்துவமனைகளுக்கும் நிர்வாகம் தெரிந்த செவிலியர் உடனே தேவைப்பட்டதால் 1943-இல் தில்லியில் செவிலியர் நிர்வாகப் பள்ளி ஒன்று தோன்றியது. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர் என்று, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழு கணக்குக் காட்டிய 1946-ஆம் ஆண்டிலேயே (இந்தப் ‘போர்’ யுத்தமன்று, குழுத் தலைவர் ஜோசஃப் போரின் பெயர்) தில்லியிலும் வேலூரிலும் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. வேலூர்ப் பட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியது. இருபது வயதை ஒட்டிய ஒரு பெண், வார்டுப் பொறுப்பு எதையும் தனியே ஏற்பதற்கு முன்பே பட்டதாரி ஆகலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

இதன் பின் நிகழ்ந்தது சற்று விந்தையானது. பட்டத்துக்கு மேற்பட்ட முதுநிலைப் படிப்பு தில்லிக் கல்லூரியில் 1959-இலேயே வந்துவிட, பட்டயம் பெற்று வார்டில் உழைத்துக்கொண்டிருந்த பெரும்பான்மையோர் பட்டம் பெறுவதற்கான இரண்டாண்டுப் படிப்பு, இன்று ‘போஸ்ட் பேசிக்’ எனப்படுவது, 1963-இல்தான் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. மாடியைக் கட்டி முடித்த பிறகு படிக்கட்டு வைத்த கதைதான். அந்தப் படிக்கட்டும் எல்லார்க்கும் ஒரே நேரத்தில் எட்டவில்லை. அரசுப் பணியில் இருப்பவர் ‘டெபுடேஷன்’ எனப்படும் பணிவழி அனுமதிக்குத் தம் முறை வரும்வரை காத்திருக்க, தனியார் மருத்துவமனையில் இருப்பவருக்கோ சேர்ந்தபோது எழுதிக்கொடுத்த ‘பாண்டு’, அதாவது இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம், முடிய வேண்டியிருந்தது. திருமணமும் பிள்ளைப்பேறும் பெரும்பாலும் அதே ஆண்டுகளில்தான் வந்தன.

எம்.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதியில் இந்த இரு வழிகளின் வரலாறும் பதிந்திருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்து நேரே பி.எஸ்சி. படித்தவர், பட்டத்துக்குப் பின் ஓராண்டாவது பணியாற்றியிருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் வழியே வந்தவருக்கோ அந்த ஓராண்டு பட்டத்துக்கு முன்னதாயினும் பின்னதாயினும் செல்லும்.